வொல்லர் கண்ணுக்கு என்ன ஆச்சு?

முதல்லயே ஸ்பாய்லர் எச்சரிக்கை. 'டார்க்' மூணு சீசனும், 'லாஸ்ட்' கடைசி எபிசோடும், நம்ம அம்மா அப்பா காலத்து 'விடாது கருப்பு'ம் இந்தக் கட்டுரையில முழுசா உடையப் போகுது. பாக்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு செமஸ்டர் லீவுல வாங்க. கட்டுரை எங்கயும் ஓடிடாது.

பாத்தவங்களுக்கு ஒரு கேள்வி. வொல்லரோட கண்ணுக்கு என்ன ஆச்சு?

டார்பென் வொல்லர், விண்டன் ஊர் போலீஸ்காரர். மெயின் கேரக்டர்னு சொல்ல முடியாது. ஒரு கண்ணுல கட்டு போட்டுக்கிட்டு வந்து போவார். ஏன் கட்டுன்னு கதை சொல்லவே சொல்லாது. சீசன் 3-ல இன்னொரு உலகம் வருது. அங்க அவருக்குக் கண்ணு நல்லா இருக்கு, ஆனா ஒரு கை இல்லை. அதுக்கும் விளக்கம் இல்லை. கடைசி எபிசோட்ல எல்லா முடிச்சும் அவிழ்ந்து முடிஞ்சப்புறம் ஒரு வீட்ல ஆறு பேர் உக்காந்து சாப்பிடறாங்க. அதுல வொல்லரும் ஒருத்தர். கண்ணு விஷயத்தை அவர் சொல்ல ஆரம்பிக்கிறார், சரியா அந்த நேரம் பார்த்து லைட் போயிடுது. அப்புறம் பேச்சு வேற பக்கம் திரும்பிடுது.

மூணு சீசன், 26 எபிசோடு, நாலு குடும்பம், அஞ்சாறு காலகட்டம். அம்மாவே மகளாகவும் மகளே அம்மாவாகவும் இருக்கற அளவுக்குச் சிக்கலான ஒரு வம்சாவளியை பாரன் போ ஒடாரும் யான்ட்யே ஃப்ரீஸாவும் வரி வரியா விளக்கினாங்க. ஒரு கண்ணை மட்டும் அப்படியே விட்டுட்டாங்க.

எங்க கேங்குல இதுக்கு தியரிக்குப் பஞ்சமே கிடையாது. மெக்கானிக்கல் படிக்கிற ஒருத்தி, கண்ணாடி போடாம வெல்டிங் பண்ணியிருப்பார்னு சொன்னா (வொர்க்‌ஷாப் லேப்ல அவ வாங்கின திட்டு அப்படி). இன்னொருத்தி சொன்னது கொஞ்சம் அழகா இருக்கும். ஒவ்வொரு உலகமும் வொல்லர்கிட்டேர்ந்து ஏதோ ஒண்ணை எடுத்துக்குது, ஒண்ணு கண்ணு, ஒண்ணு கை, எனர்ஜி கன்சர்வேஷன் மாதிரி. என் கட்சி, எழுதினவங்க நம்மள வெச்சு விளையாடறாங்கங்கறது. எது விளக்கணும் எது விளக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

ஏன் ஒரு கண்ணைப் பிடிச்சுத் தொங்கறேன்னா, ஃபேன் தியரிங்கற சமாச்சாரத்துல எனக்கு இருக்கற ருசியும் சந்தேகமும் அந்த ஒரு கண்ணுலதான் இருக்கு.

கொஞ்சம் பின்னாடி போறேன். டார்க் முதல் சீசன் 2017 டிசம்பர்ல வந்துச்சு. ஜெர்மனியில ஒரு சின்ன ஊர், பக்கத்துல அணுமின் நிலையம், காட்டுக்குள்ள ஒரு குகை. 2019-ல மிக்கேல்னு ஒரு பையன் காணாமப் போறான். போனவன் 1986-ல போய் நிக்கறான். 33 வருஷக் கணக்கு. அங்கயே வளர்ந்து பெரியவனாகி ஹீரோ யோனாஸுக்கு அப்பாவாவே ஆயிடறான். மூணாவது சீசன் வந்தது 2020 ஜூன் 27. கதைப்படி உலகம் அழியற தேதியும் அதே 2020 ஜூன் 27-தான். நெட்ஃப்ளிக்ஸ் வேணும்னேதான் அந்தத் தேதியை வெச்சாங்க. ஆனா நிஜ உலகம் அந்த வருஷம் அப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?

நாங்க பத்தாவது பப்ளிக் எழுதாமலே பாஸான பேட்ச். எக்ஸாம் ரத்துன்னு அறிவிச்சு மூணு வாரம் கூட ஆகலை. திருவண்ணாமலைக்காரங்களுக்கு நாள்காட்டின்னா அது பௌர்ணமிதான். மாசா மாசம் அந்த ஒரு ராத்திரி மட்டும் ஊருக்குள்ள நடக்க இடம் இருக்காது. அப்பாவோட ஜெராக்ஸ் கடைக்கு பாதி மாச வியாபாரம் அந்த ஒரு நாள்ல நடந்துடும். அந்த வருஷம் கிரிவலத்துக்குத் தடை. பதினாலு கிலோமீட்டர் ரோடு வெறிச்சோடிக் கிடந்துச்சு, அஷ்ட லிங்கமும் பூட்டின கதவுக்குப் பின்னாடி. கடை ஷட்டர் இறக்கியிருந்தோம். மொட்டை மாடியில உக்காந்து மலையைப் பாத்துக்கிட்டு, அக்கா ஃபோன்ல பாதி ஸ்க்ரீன் உடைஞ்ச நிலையில நான் விண்டன் அழியறதைப் பாத்தேன். எனக்கு அது ஃபேன்டஸியாவே தெரியலை.

அந்த சீசன் வர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் உலகம் பூரா தியரி எழுதித் தள்ளினாங்க. மெஷின் லேர்னிங் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். சீசன் 1, 2 ரெண்டும் ட்ரெய்னிங் டேட்டா. சீசன் 3 டெஸ்ட் டேட்டா. ட்ரெய்னிங் டேட்டாவுல நூத்துக்கு நூறு எடுக்கற தியரி ஆயிரம் கிடைக்கும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், சுவத்துல தொங்கற ஒவ்வொரு படத்துக்கும், மழைக்கோட்டு மஞ்சளா இருக்கறதுக்கும் ஒரு காரணம் சொல்லிடும். ஜூன் 27 அன்னைக்கு டெஸ்ட் டேட்டா வந்ததும் முக்கால்வாசி படுத்துடுச்சு. ஓவர்ஃபிட்டிங்.

ஆனா ஒழுங்கா நின்ன தியரியும் இருந்துச்சு. நோவாங்கற பாதிரியாரோட அப்பா பார்தோஷ்தான்னு நிறைய பேர் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அப்படியே ஆச்சு. ரெஜினாவோட அப்பா யாருங்கறது இன்னொரு கேள்வி. ட்ரான்டேதான்னு கிட்டத்தட்ட எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க, கதையில ட்ரான்டேவே அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தார். எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, இதுக்கு வசனமே தேவையில்லை. கடைசியில சாப்பாட்டு மேஜையில இருக்கற ஆறு பேரும் டைம் டிராவல் இல்லேன்னாலும் பிறந்திருக்கக் கூடியவங்க. ட்ரான்டே அந்த முடிச்சுக்குள்ள பிறந்தவர், முடிச்சு அவிழ்ந்தா அவர் இல்லை, அவர் பிள்ளைகளும் இல்லை. ரெஜினா அந்த மேஜையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. அப்ப அவங்க ட்ரான்டே பொண்ணா இருக்கவே முடியாது. முடிஞ்சுது. பெர்ன்ட் டாப்ளர்தான் அப்பான்னு கதையே சொல்லவும் சொல்லுது. ஆனா அந்த ஒரு நாற்காலியை வெச்சே நீங்க அங்க போய்ச் சேந்திருக்கலாம். முதல் தடவை இது புரிஞ்சப்ப எனக்குக் கிடைச்ச சந்தோஷம், சிக்னல்ஸ் பேப்பர்ல சென்டம் வாங்கியிருந்தாலும் கிடைச்சிருக்காது (வாங்கலை, அது வேற விஷயம்).

ரெஜினாவோட அப்பா கேள்விக்குக் கதைக்குள்ளயே பதில் இருக்கு. வொல்லரோட கண்ணுக்கு இல்லை. ரெண்டையும் ஒரே மாதிரி தோண்டறது வீண்.

மூணாவதா ஒரு வகை ஓட்டை இருக்கு, அது இன்னும் வேடிக்கை. 2004-லேர்ந்து 2010 வரைக்கும் அமெரிக்காவுல ஓடின 'லாஸ்ட்' தெரியும்ல? சிட்னியிலேர்ந்து கிளம்பின விமானம் ஒரு தீவுல விழும். அதுல வால்ட்னு ஒரு பத்து வயசுப் பையன். அவனுக்கு ஏதோ சக்தி இருக்கு, பறவையெல்லாம் வந்து கண்ணாடியில மோதும். பெருசா ஏதோ வரப்போகுதுன்னு எல்லாரும் காத்திருந்தாங்க. திடீர்னு அவனைக் கதையை விட்டே அனுப்பிட்டாங்க. ஏன் அனுப்பினாங்க, அவன் சக்தி என்ன, தீவுக்கு அவன் ஏன் வேணும்னு தியரி மேல தியரி. நிஜக் காரணம்? அந்தப் பையன் கிடுகிடுன்னு வளர்ந்துட்டான். டிவியில ரெண்டு சீசன் ஓடி முடிஞ்சும் கதைப்படி தீவுல சுமார் ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. ரெண்டு மாசத்துல ஒருத்தன் அரை அடி வளர்ந்தா எப்படிக் காட்டுவாங்க? ஹார்மோன் போட்ட ஓட்டைக்கு ரசிகர்கள் தத்துவம் எழுதினாங்க.

அதை விடக் கொடுமை கடைசி எபிசோடு. 2010 மே மாசம் அது முடிஞ்சப்ப, பேர் ஓடற இடத்துல சேனல்காரங்க விமானத்தோட உடைஞ்ச பாகங்கள் கடற்கரையில கிடக்கற காட்சியை ஓட்டிட்டாங்க. கதை முடிஞ்சதும் டக்குன்னு நியூஸுக்குத் தாவாம இருக்க ஒரு இடைவெளி, அவ்வளவுதான். அதைப் பாத்துட்டு, ஓஹோ, எல்லாரும் முதல் நாளே விமானத்துல செத்துட்டாங்க, தீவே பொய்னு பாதி உலகம் முடிவு பண்ணிடுச்சு. இத்தனைக்கும் ஹீரோ ஜாக்கோட அப்பா அதே எபிசோட்ல, உனக்கு நடந்ததெல்லாம் நிஜம்னு நேரா சொல்றார். வசனத்தை விட்டுட்டு ஃபில்லர் ஷாட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. இன்னைக்கும் யார்கிட்டயாவது லாஸ்ட் பாக்கச் சொன்னா, "அதான் எல்லாரும் செத்துட்டாங்களே"ம்பாங்க. இந்த ஆறு சீசனுக்கு இப்படி ஒரு சாவு வந்திருக்க வேணாம்.

நாமதான் இதையெல்லாம் கண்டுபிடிச்சோம்னு ஒரு நினைப்பு இருந்தா, வீட்ல அம்மாகிட்ட 'மர்மதேசம்'னு சொல்லிப் பாருங்க.

இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், பாலசந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு. 'ரகசியம்' முதல்ல வந்துச்சு. அடுத்தது 'விடாது கருப்பு', 1997-98-ல சன் டிவியில வாரம் ஒரு எபிசோடு. ஒரு வாரம் காத்திருக்கணுங்க! ஸ்கிப் இன்ட்ரோ பட்டனுக்கே பொறுமை இல்லாத நமக்கு இது புரியாது. அம்மா அப்ப போளூர்ல ஸ்கூல் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க வீட்ல டிவி கிடையாது, பக்கத்து வீட்டுத் திண்ணையில உக்காந்து ஜன்னல் வழியாப் பாத்திருக்காங்க. ஊர்ல தப்பு பண்றவங்களைக் காவல் தெய்வம் கருப்பசாமி வந்து தண்டிக்கிறார், ராத்திரியில குதிரைக் குளம்புச் சத்தம் கேக்குது. நிஜமாவே சாமியா, இல்லை சாமி பேர்ல எவனோ ஒருத்தனா? இதுதான் கேள்வி. அடுத்த நாள் காலையில ஸ்கூல் பஸ் பூரா தியரியாம். ஊர்ல இருக்கற ஒவ்வொரு ஆள் மேலயும் யாராவது ஒருத்திக்கு டவுட். கணக்கு டீச்சரே இன்டர்வெல்ல ஒரு தியரி சொன்னாராம்.

கடைசியில பாத்தா ராஜேந்திரன். சேத்தன் நடிச்சது. அவருக்குள்ளயே இன்னொரு ஆள் இருக்கான், அவன்தான் கருப்பா மாறி எல்லாம் பண்றான், சின்ன வயசுல பட்ட காயம் அப்படி ஆக்கிடுச்சுன்னு கதை மனநோய் பக்கம் போய் விளக்கிடுது. 'அந்நியன்' வர்றதுக்கு ஏழு வருஷம் முன்னாடி இது நடந்திருக்கு, கவனிங்க.

போன வருஷம் யூட்யூப்ல மறுபடி முழுசா பாத்தோம், நானும் அம்மாவும். முடிஞ்சதும், "எவ்வளவு நீட்டா சயின்டிஃபிக்கா முடிச்சிருக்காங்கல்ல"ன்னேன். அம்மா தட்டைக் கழுவிக்கிட்டே சொன்னாங்க, "அந்தப் பையன் உடம்புல இறங்கினது கருப்பசாமிதான். டாக்டருங்க அதுக்கு ஒரு பேர் வெச்சாங்க, அவ்ளோதான்."

நான் அசந்து போயிட்டேன். இருபத்தஞ்சு வருஷமா அம்மா அந்தத் தியரியை மாத்தலை. கதை கொடுத்த விடையை அவங்க மறுக்கவும் இல்லை. அதையே தன் தியரிக்குள்ள ஒரு வரியா சேத்துக்கிட்டாங்க. எந்த சீசன் 3 வந்தாலும் இந்தத் தியரியைத் தோக்கடிக்க முடியாது. எஞ்சினியரிங் மூளைக்கு இது பெரிய குறை. எந்த டெஸ்ட்டுலயும் ஃபெயிலாகாத ஒண்ணு எதையும் சொல்லலைன்னுதான் நமக்குச் சொல்லிக் கொடுக்கறாங்க. ஆனா அம்மா சொன்னப்புறம் குளம்புச் சத்தம் வர்ற காட்சிகளை ரெண்டாவது தடவை போட்டுப் பாத்தேன். அவங்க தியரியோட பாத்தா அந்தக் காட்சி இன்னும் நல்லா இருக்கு. இதை நான் என்ன பண்றது?

தமிழ்ல அச்சு அசல் சயின்ஸ் ஃபிக்‌ஷன்தான் வேணும்னா சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா' இருக்கு, தூர்தர்ஷன்ல தொடரா வந்துச்சு. ஜீனோங்கற இயந்திர நாய் பேசும், புத்தகம் படிக்கும். நாட்டையே ஆள்ற ஜீவாங்கற தலைவர் யாருங்கறதுதான் மர்மம். அப்படி ஒரு ஆளே கிடையாது, வெறும் ஹோலோகிராம்னு விடை வரும். நாவலா படிச்சா ஒரே ராத்திரியில முடிச்சிடலாம். படிங்க.

சரி, எங்க ஊருக்கு வர்றேன். ஹாஸ்டல்ல இருக்கற திருநெல்வேலி, கோயம்புத்தூர் ஆளுங்க என்னைப் பாத்ததும் முதல்ல கேக்கற கேள்வி, "உங்க ஊர் மலைக்குள்ள சித்தருங்க இருக்காங்களாமே?" மலையைப் பத்தி இல்லாத தியரியே இல்லை. கிருத யுகத்துல நெருப்பா இருந்துச்சு, அப்புறம் மாணிக்கம், அப்புறம் பொன், இப்ப கலியுகத்துல கல்லுன்னு புராணமே ஒரு நாலு சீசன் வெச்சிருக்கு. இடைக்காட்டுச் சித்தர் இங்கதான் அடங்கியிருக்கார்ங்கறது ஊர்ல எல்லாரும் சொல்றது. இது போதாதுன்னு யூட்யூப்ல சிவப்பு வட்டமும் அம்புக்குறியும் போட்டு, கிரிவலப் பாதை சிசிடிவியில சித்தர் நடமாட்டம்னு வீடியோ. வட்டத்துக்குள்ள பாத்தா நாலு பிக்ஸல் இருக்கும். அந்த நாலு பிக்ஸலும் நாய்னு எனக்கு நல்லாத் தெரியும், அந்த நாயையே தெரியும்.

இந்த மாதிரி ஆதாரத்துக்கு எங்க ஊர்க் கதையிலயே ஒரு பேர் இருக்கு, தாழம்பூ. கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அடிமுடி தெரியாத நெருப்புத் தூணா சிவன் நிக்கறார். பெருமாள் பன்றியா மாறி அடியைத் தேடித் தோண்டிக்கிட்டே போறார். பிரம்மா அன்னமா மாறி முடியைத் தேடிப் பறக்கறார். பெருமாள் திரும்பி வந்து, என்னால முடியலைன்னு ஒத்துக்கறார். பிரம்மா வழியில விழுந்துக்கிட்டு இருந்த தாழம்பூவைப் பிடிச்சு, நான் முடியைப் பாத்தேன்னு சாட்சி சொல்லுன்னு கூட்டிக்கிட்டு வர்றார். அதுக்கப்புறம் பிரம்மாவுக்குத் தனிக் கோயில் இல்லை, தாழம்பூவுக்கு சிவபூஜையில இடம் இல்லை. சிவன் கோயில்ல கருவறைக்குப் பின்சுவர்ல லிங்கோத்பவரைப் பாத்தீங்கன்னா மேல அன்னமும் கீழே பன்றியும் இருக்கும்.

பிரம்மா பாவம்னு எனக்கு எப்பவும் தோணும். பறந்தது நிஜம். ரொம்ப தூரம் போனதும் நிஜம். அவ்வளவு நேரம் செலவு பண்ணிட்டு வெறுங்கையோட இறங்க மனசு வரலை. நாப்பது நிமிஷம் டார்க் தியரி வீடியோ போடறவங்களுக்கும் முப்பத்தஞ்சாவது நிமிஷத்துல இந்தக் கஷ்டம் வந்துடுது. அப்ப ஒரு தாழம்பூ எங்கேர்ந்தாவது வந்து விழும். யாரோ எடிட் பண்ண ஸ்க்ரீன்ஷாட், எழுதினவங்க எங்கயோ சொன்னதா ஒரு பேட்டி, அந்தப் பேட்டிக்கு லிங்க் இருக்காது.

தியரியைப் பத்தி இவ்வளவு பேசிட்டு அப்பாவோட கடையைப் பத்திச் சொல்லாம விட முடியாது. பௌர்ணமி ராத்திரி கடை விடிய விடியத் திறந்திருக்கும். டிக்கெட் பிரின்ட் அவுட், பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ, ஃபோன் சார்ஜர். நானும் பத்து மணிக்கு மேல போய் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவேன். மாசத்துக்கு ஒரு தடவையாவது ஒரு வேலை வரும். 'காணவில்லை' நோட்டீஸ். கிரிவலப் பாதையில காவி கட்டினவங்க நிறைய பேர் இருக்காங்க. வீட்டை விட்டுப் போன ஆளுங்களைத் தேடறவங்க வேற எங்கேர்ந்தெல்லாமோ இங்க வருவாங்க. ஃபோட்டோவை டீக்கடையில காட்டுவாங்க, அன்னதானக் கூடத்துல காட்டுவாங்க, அப்புறம் எங்க கடைக்கு வந்து அம்பது காப்பி எடுத்துக்கிட்டு போய் கரண்ட் கம்பத்துல ஒட்டுவாங்க.

ஒரு தடவை ஒரு அம்மா வந்தாங்க. அம்பத்தஞ்சு வயசு இருக்கும், தனியா. பையன் போய் ஒன்பது மாசம். ஒரு கோடு போட்ட நோட்டு வெச்சிருந்தாங்க. அதுல தேதி, தேதிக்குப் பக்கத்துல நடந்தது, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு பால் பாயின்ட் பேனாவுல அம்புக்குறி. பையன் கடைசி ரெண்டு மாசம் கறி சாப்பிடலை. நெத்தியில விபூதி வெக்க ஆரம்பிச்சான். சட்டைப் பையில திருவண்ணாமலை பஸ் டிக்கெட் ஒண்ணு இருந்துச்சு, பழசு. ஊர்க்காரர் ஒருத்தர் போன பௌர்ணமிக்கு வந்தப்ப குபேர லிங்கம் பக்கத்துல இவன் ஜாடையில ஒருத்தனைப் பாத்தேன்னார். டார்க்ல அந்தப் பதுங்கு குழிச் சுவர் பூரா ஃபோட்டோ ஒட்டி நூல் கட்டியிருப்பாங்களே, அந்தச் சுவரே அந்த நோட்டுக்குள்ள இருந்துச்சு. ஒவ்வொரு அம்பும் தனியாப் பாத்தா நியாயமாத்தான் இருந்துச்சு. எல்லாத்தையும் சேத்து நிக்க வெச்சது எதுன்னு அவங்க முகத்தைப் பாத்தாலே தெரியும்.

அப்பா கேட்டுக்கிட்டே டைப் பண்ணார். பேர், வயசு, உயரம், வலது புருவத்துல தழும்பு, போன அன்னைக்குப் போட்டிருந்த சட்டை கலர், கடைசியாப் பாத்த தேதி, ஃபோன் நம்பர்.

"சாமியாரா இருக்கலாம்னு போடுங்க தம்பி"ன்னாங்க அந்த அம்மா.

அப்பா டைப் பண்றதை நிறுத்தினார். "அதைப் போட்டா ஜனங்க காவி கட்டினவங்களை மட்டும்தாம்மா பாப்பாங்க. உங்க பையன் பேன்ட் சட்டையோட ஹோட்டல்ல டேபிள் துடைச்சுக்கிட்டு இருந்தா, பாத்துட்டும் விட்டுடுவாங்க."

அவங்க கொஞ்ச நேரம் பேசலை. வெளியில கூட்டம் போய்க்கிட்டே இருந்துச்சு. அப்புறம், "சரி, வேணாம், விட்டுடுங்க"ன்னாங்க. நாப்பது காப்பி அப்படியே எடுத்தோம். காசு எண்ணிக் குடுத்துட்டு, கிளம்பற மாதிரி பையை எடுத்தவங்க என் பக்கம் திரும்பினாங்க. "பாப்பா, ஒரு பத்து மட்டும் தாடி வெச்சு எடுத்துத் தர்றியா?"

ஃபோட்டோஷாப்ல தாடி வெக்கறது பெரிய வேலை இல்லை. சிம்போசியம் போஸ்டருக்கு எச்.ஓ.டி.க்கு வெச்சுப் பழகியிருக்கேன். முதல்ல கொஞ்சமா வெச்சேன். "ஒன்பது மாசம் ஆச்சே பாப்பா"ன்னாங்க. நீளமாக்கினேன். முடியையும் தோள் வரைக்கும் இறக்கச் சொன்னாங்க. அவன் ஜாடை கொஞ்சம் கொஞ்சமா போயிக்கிட்டே இருந்துச்சு, கடைசியில அது கிரிவலப் பாதையில உக்காந்திருக்கற யாரோ ஒருத்தர் மாதிரி ஆயிடுச்சு. "ம், இதுதான்"னாங்க. பத்து காப்பி. அந்தப் பத்துக்கு அப்பா காசு வாங்கலை.

பையன் கிடைச்சானான்னு தெரியாது. அந்த மாதிரி வர்றவங்க யாரும் திரும்பி வந்து சொல்ல மாட்டாங்க, கிடைச்சாலும் கிடைக்காட்டியும். கடை கம்ப்யூட்டர்ல அந்த ஃபைல் இன்னும் இருக்கு, தாடி இல்லாதது ஒண்ணு, தாடியோட ஒண்ணு.

அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் தியரி பேசறதை நிறுத்திட்டேன்னெல்லாம் இல்லை. அடுத்த வாரமே ஹாஸ்டல்ல ரெஜினா நாற்காலி விஷயத்தை போர்டுல வரைஞ்சு விளக்கிட்டு இருந்தேன். டிவித் தொடர்ல ஓட்டை இருந்தா அதுக்குப் பின்னாடி எழுதின ஆள் ஒருத்தர் இருக்கார். வால்ட் ஏன் போனான்னு கேட்டா சொல்ல ஆள் இருக்கு. ஃப்ரீஸா நாளைக்கே நினைச்சா வொல்லர் கண்ணைப் பத்தி ஒரு வரி எழுதிடலாம். எழுத மாட்டாங்க, அது வேற. அந்தத் தைரியத்துலதான் நாம இவ்வளவு ஜாலியா அம்புக்குறி போடறோம். அந்த அம்மாவோட நோட்டுல இருந்த அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அதனால டிவியில போடற தியரிக்கு எனக்குன்னு சில கறார் இருக்கு. கதைக்குள்ள இருக்கறதை மட்டும் வெச்சுப் பேசணும். தியரி தெரிஞ்சப்புறம் பழைய எபிசோடைத் திரும்பப் பாத்தா அது இன்னும் நல்லா இருக்கணும். இதுல அம்மாவோட கருப்பசாமி பாஸ், வெல்டிங் ஃபெயில். "எல்லாம் கனவு", "எல்லாரும் செத்துட்டாங்க" இந்த ரெண்டும் என் ரூமுக்குள்ள வரக் கூடாது. பாத்த அத்தனை மணி நேரத்தையும் ஒரே வரியில குப்பையில போடற தியரி அது. எங்க கேங்குல இதை வெச்சு ஒரு பெரிய சண்டையே நடந்து, ரெண்டு நாள் மெஸ்ஸுல தனித்தனி டேபிள்.

இப்ப நானும் அம்மாவும் 'ரகசியம்' ஓட்டிக்கிட்டு இருக்கோம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு ஒண்ணா. நவபாஷாண லிங்கம் இருக்கற ஒரு கோயில், இருட்டினதும் உள்ள யாரும் இருக்கக் கூடாது. பாதி வந்திருக்கோம். அம்மாவுக்கு முடிவு தெரியும். நெட்டுல தேடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. என்கிட்ட மூணு தியரி இருக்கு, ஒண்ணுல கெமிஸ்ட்ரி வருது, ஒண்ணுல தேனீ வருது. நேத்து மூணையும் வரிசையாச் சொன்னேன். அம்மா முழுசாக் கேட்டுட்டு, ஒண்ணுமே சொல்லாம அடுத்த எபிசோடைத் தட்டிவிட்டாங்க.